கத்தி வேண்டாம், ஊசி போதும் என்கிறார்களே?

வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

மூக்கின் வடிவத்தை அறுவைச் சிகிச்சை இல்லாமல் ஃபில்லர் ஊசியால் மாற்றுவது பற்றித் திருகோணமலை மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களை இந்த இதழில் ஒன்றாக எடுத்திருக்கிறோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடத்தில் ஒரு கடிதம் மட்டும் போட்டிருக்கிறோம்.

எனக்கு 26 வயது. மூக்குத்தண்டின் நடுவில் ஒரு மேடு இருக்கிறது. பக்கவாட்டில் படம் எடுத்தால் கிளிமூக்கு மாதிரித் தெரிகிறது. ஆவணியில் கலியாணம். ஒபரேஷன் இல்லாமல் ஊசி போட்டே மேட்டை எடுத்துவிடலாம் என்று மச்சாள் சொல்கிறா. உண்மையா? எவ்வளவு காலம் நிற்கும்?
— உவர்மலை வாசகி

எடுக்க முடியாது, மறைக்கலாம். ஃபில்லர் என்றால் நிரப்பும் பொருள். அது எதையும் குறைக்காது. புருவங்களுக்கு நடுவில் மூக்கு தொடங்குகிற பள்ளத்தில் கொஞ்சமும், மேட்டுக்குக் கீழே நுனிக்கு முன்னால் கொஞ்சமும் ஜெல்லை வைத்தால் இரண்டு பள்ளமும் நிரம்பிப் பக்கவாட்டுக் கோடு நேராகிவிடும். மேடு இருந்த இடத்திலேயே இருக்கும். கோடு நேரானதும் மூக்கு சிறுத்ததுபோலக் கண்ணுக்குப் படும். அளந்து பார்த்தால் முன்பைவிடச் சற்றுப் பெரிதாகத்தான் இருக்கும்.

ஆகவே இது பொருந்துவது சிலருக்குத்தான். சின்ன மேடு, தாழ்ந்த மூக்குத்தண்டு, ஒரு பக்கத்தில் சிறு பள்ளம், கொஞ்சம் தொங்கும் நுனி ஆகியவற்றுக்கு ஓரளவு பலன் உண்டு. அகன்ற மூக்குச் சிறகு (மூக்குத்துளையின் பக்கச் சதை), பெரிய நுனி, வளைந்த நடுச்சுவர், மூச்சடைப்பு, குறட்டை ஆகியவற்றுக்கு ஃபில்லரால் ஒன்றும் ஆகாது. ஏற்கெனவே உயரமும் பெரிதுமான மூக்கில் போட்டால், பக்கவாட்டுப் படம் அழகாகி, நேர்முகம் கெட்டுப்போகும்.

மூக்குக்குப் போட வேண்டியது ஹயலூரோனிக் அசிட் ஜெல், அதிலும் இறுக்கமான வகை. நம் தோலிலும் மூட்டிலும் இயல்பாகவே உள்ள பொருள்தான் இது. உடல் மெதுவாகக் கரைத்துக்கொள்ளும். அளவு மொத்தம் ஒரு மில்லிலீற்றருக்குள், பலருக்கு அரை மில்லிலீற்றரே போதும். நுனியில் 0.1 மில்லிலீற்றருக்கு மேல் போக எங்களுக்கு மனம் வராது. அங்கே தோல் இறுக்கம், இரத்த ஓட்டமும் கடைக்கோடி. பலன் 6 முதல் 18 மாதம் வரை நிற்கும். மூக்கு அதிகம் அசையாததால் உதட்டில் போட்டதைவிட நீடிக்கும்.

கலியாணத்துக்கு முதல் வாரம் ஒருபோதும் போடாதீர்கள். கன்றல் மறைய இரண்டு வாரம் எடுக்கலாம், வீக்கம் வடிந்து உண்மையான வடிவம் தெரியவும் அதே காலம் வேண்டும். கூடக்குறையத் திருத்துவதென்றால் இன்னும் இரண்டு வாரம். போடுவதானால் ஆனியிலேயே முடித்துவிடுங்கள். அதற்கு முன் அடுத்த பதிலையும் படியுங்கள்.

மூக்கில் ஊசி போட்டால் கண் பார்வை போய்விடும் என்று அண்ணா பயமுறுத்துகிறார். கொழும்பில் போட்டு வந்த என் சிநேகிதிக்கு ஒன்றுமே நடக்கவில்லை. யார் சொல்வது சரி?
— நிலாவெளி வாசகி

இருவர் சொல்வதும் சரி. போட்டுக்கொள்பவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஒன்றும் நடப்பதில்லை. பார்வை போனவர்களில் அது முழுதாகத் திரும்பி வந்தவர்கள் மிகச் சிலர். இந்த இரண்டையும் சேர்த்து வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

மூக்குத்தண்டின் தோலுக்கு இரத்தம் கொண்டுவரும் சிறு நாடிகளில் ஒன்று, கண்ணுக்குப் போகும் நாடியிலிருந்து கிளைத்து மூக்கின் மேல் இறங்குகிறது. இன்னொன்று முகத்து நாடியிலிருந்து மூக்கோரமாக மேலே ஏறுகிறது. இரண்டும் மூக்கில் கைகோத்துக்கொள்கின்றன. ஊசி முனை இதில் ஒன்றுக்குள் போய்விட்டது என்று வையுங்கள். சிரிஞ்சை அழுத்தும் வேகம் இரத்த அழுத்தத்தை மிஞ்சினால் ஜெல் ஓட்டத்துக்கு எதிராகப் பின்னால் போகும், கண் நாடிக்குள் இறங்கும். அழுத்தம் நின்றதும் இரத்தம் அதை முன்னால் தள்ளி விழித்திரையின் நாடிக்குள் கொண்டுபோய் அடைக்கும். இது நடக்கச் சில வினாடிகள் போதும்.

எவ்வளவு ஜெல் போதும் தெரியுமா? சீனி வருத்தக்காரர் இருக்கும் வீட்டில் இன்சுலின் சிரிஞ்ச் இருக்கும், எடுத்துப் பாருங்கள். 100 அலகு வரை குறித்த ஒரு மில்லிலீற்றர் சிரிஞ்சில் 10 என்று குறித்த கோடு வரை உள்ளது 0.1 மில்லிலீற்றர். புருவ நடுவிலிருந்து கண்குழியின் ஆழம் வரை ஓடும் நாடியின் கொள்ளளவை இறந்த உடல்களில் அளந்தபோது சராசரி 0.085 மில்லிலீற்றர்தான் வந்தது. அதாவது அந்த 10 என்ற கோட்டுக்கும் குறைவு. 'கொஞ்சம்தானே போடுகிறோம்' என்ற சமாதானத்துக்கு இதனால்தான் இடமில்லை.

ஃபில்லரால் பார்வை பாதிக்கப்பட்டதாக உலக மருத்துவ ஏடுகளில் வெளியானவற்றை 2015இல் தொகுத்தபோது 98 பேர் இருந்தார்கள். புருவ நடுவுக்கு அடுத்த இடம் மூக்குக்கு, ஏறத்தாழ நால்வரில் ஒருவர். 2019இல் வந்த அடுத்த தொகுப்பில் புதிதாக 48 பேர், அதில் பாதிக்கு மேல் மூக்கில் போட்டவர்கள். அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் முகத்தின் பல இடங்களுக்கு ஃபில்லரை அனுமதித்திருந்தாலும் மூக்குக்கு அனுமதிக்கவில்லை. அங்கே மூக்கில் போடுவதும் அனுமதிக்கு வெளியே, மருத்துவரின் பொறுப்பில்தான் நடக்கிறது.

கைதேர்ந்தவர் ஆபத்தைக் குறைக்கச் செய்வது என்ன? நாடிகள் பெரும்பாலும் தோலுக்கு அடியில் மேலடுக்கில் ஓடுகின்றன. அதனால் ஊசியை நடுக்கோட்டில், எலும்பையும் குருத்தெலும்பையும் தொடும் ஆழத்தில் வைப்பார். போடுமுன் சிரிஞ்சின் தண்டைப் பின்னுக்கு இழுத்துச் சில வினாடி பிடித்து இரத்தம் வருகிறதா என்று பார்ப்பார். வராவிட்டாலும் நம்பிவிடமாட்டார், ஜெல் தடிப்பானது என்பதால் அந்தச் சோதனை பொய் சொல்லும். மிக மெதுவாக, துளித்துளியாகப் போடுவார். சிலர் முனை மழுங்கிய குழல் ஊசி பாவிப்பார்கள். அது நாடியைக் குத்தும் வாய்ப்பைக் குறைக்கிறது, இல்லாமல் செய்வதில்லை. மெல்லிய குழல் கூர் ஊசி மாதிரியே நாடிக்குள் போகும். போடும் நேரம் முழுக்க அவர் கண் சிரிஞ்சில் இருக்காது, உங்கள் தோலின் நிறத்தில் இருக்கும்.

முன்பு மூக்கில் அறுவைச் சிகிச்சை செய்தவர்களுக்கு ஆபத்து இன்னும் கூட. தழும்புக்குள் நாடி இறுகிப் பிடித்துக்கொள்வதால் ஊசி படும்போது விலகாது, வழக்கமான இடத்திலும் இருக்காது. இதை மறைக்காமல் சொல்லுங்கள்.

ஊசி போடும்போதோ போட்ட உடனேயோ ஒரு கண்ணில் இருள், கடும் கண்வலி, இமை தொங்குதல், வாந்தி, ஒரு பக்கக் கைகால் சோர்வு, பேச்சுக் குழறல் இவற்றில் எது வந்தாலும் அந்த வினாடியே நிறுத்த வேண்டும். இரத்தம் இல்லாமல் விழித்திரை தாக்குப்பிடிப்பதை ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் யாரும் கணக்குப் போடுவதில்லை, அதற்கும் முன்பே சேதம் தொடங்கிவிடும். 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைத்து நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். எந்த ஜெல், எத்தனை மில்லிலீற்றர், எத்தனை மணிக்குப் போட்டது என்பதை எழுதிக் கையோடு கொண்டுபோங்கள். வீட்டுக்குப் போய்ப் படுத்துப் பார்ப்போம் என்று ஒருவரும் சொல்ல விடாதீர்கள்.

மகளுக்கு 17 வயது, ஏ.எல். படிக்கிறா. ஃபோனில் படம் எடுத்துப் பார்த்துப் பார்த்து மூக்கு பெரிது என்று அழுகிறா. ஊசி போட்டுவிடச் சொல்லி நிற்கிறா. என்ன செய்ய?
— கிண்ணியாவிலிருந்து ஒரு தாய்

இப்போது வேண்டாம். இங்கிலாந்தில் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு அழகுக்காக ஃபில்லர் போடுவது 2021 ஒக்டோபர் முதல் சட்டப்படி குற்றம். மருந்துக் கம்பனிகளும் வளர்ந்தவர்களில்தான் சோதித்திருக்கின்றன.

அதைவிட முக்கியம், அவ பார்த்து அழுகிற படம். கையில் பிடித்த ஃபோன் முகத்திலிருந்து ஒரு அடி தூரத்தில் இருக்கும். கமெராவுக்கு மிகக் கிட்ட இருப்பது மூக்கு, காது தூரத்தில். அதனால் மூக்கு ஊதித் தெரியும். 2018இல் அமெரிக்க மருத்துவர்கள் இதைக் கணக்கிட்டார்கள்: 12 அங்குலத்தில் எடுத்த படத்தில் மூக்கின் அகலம், 5 அடியில் எடுத்த படத்தைவிட ஏறத்தாழ 30 வீதம் கூடத் தெரிகிறது. வீட்டிலேயே செய்து காட்டுங்கள். ஃபோனை மூக்கு உயரத்தில் ஒரு அலுமாரித் தட்டில் நிறுத்தி, டைமர் வைத்து, மகளை ஐந்தடி தள்ளி நிற்க வைத்துப் படம் எடுத்து, பிறகு பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவ பார்க்கட்டும்.

பார்த்த பிறகும் அழுகை நிற்காவிட்டால், பள்ளிக்குப் போக மறுத்தால், கண்ணாடி முன் மணிக்கணக்கில் நின்றால் அது மூக்கின் பிரச்சினை இல்லை. மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். அந்த நிலையில் ஊசி போட்டால் மூக்கு மாறும், அழுகை மாறாது.

கொழும்பிலிருந்து மாதம் ஒருமுறை இங்கே வந்து, வாடகை அறையில் ஊசி போடுகிறார்கள். விலை குறைவு. ஊசியில்லாத பேனாவாலும் போடுவார்களாம். நம்பலாமா?
— திருகோணமலை நகர வாசகர்

பேனா விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். அழுத்தத்தால் ஜெல்லைத் தோலுக்குள் பீய்ச்சும் கருவி அது. எந்த ஆழத்துக்குப் போகிறது என்பது யார் கையிலும் இல்லை. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2021 ஒக்டோபரில் இந்தக் கருவிகளைப் பாவிக்கவே வேண்டாம் என்று எச்சரித்தது. மூக்கில் மட்டுமல்ல, எங்கும் வேண்டாம்.

ஊசி போடுபவரிடம் கேட்க வேண்டியவற்றைக் கூச்சப்படாமல் கேளுங்கள். இலங்கை மருத்துவ சபையில் பதிவு செய்த மருத்துவரா, பதிவு இலக்கம் என்ன? அழகுக்கலைச் சான்றிதழ் சுவரில் எத்தனை தொங்கினாலும் அது பதிவு ஆகாது. இடம் 2006ஆம் ஆண்டின் தனியார் மருத்துவ நிறுவனங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவானதா? வாடகை அறையில் போடுபவரிடம் இந்தக் கேள்வியோடு பேச்சு முடிந்துவிடும்.

சிரிஞ்ச் பெட்டியை உங்கள் கண் முன்னால் உடைக்கச் சொல்லுங்கள். பெயர், தொகுதி இலக்கம், காலாவதித் திகதி மூன்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் பொதுவாக ஒட்டுத்தாள் இருக்கும், ஒன்று உங்களுக்கு உரியது. ஒருவருக்குத் திறந்த சிரிஞ்சின் மிச்சத்தை இன்னொருவருக்குப் போடுவது விலையைக் குறைக்கும் பழைய வழி. இரத்தத்தால் பரவும் நோய்களுக்கும் அதுவே வழி.

அடுத்த கேள்விதான் உயிர்நாடி: 'ஹயலூரோனிடேஸ் இருக்கிறதா, எத்தனை குப்பி, காட்டுங்கள்.' ஜெல்லைக் கரைக்கும் மருந்து அது ஒன்றுதான். ஒரு குப்பியில் பொதுவாக 1500 அலகு தூளாக இருக்கும், உப்புநீரில் கலந்து போடுவார்கள். நாடி அடைபட்டால் மணிக்கொருமுறை 500 அலகும் அதற்கு மேலும், நிறம் திரும்பும்வரை திருப்பித் திருப்பிப் போட வேண்டி வரும். ஆக ஒரு குப்பி போதாது. 'கொழும்பிலிருந்து எடுப்பிக்கலாம்' என்றால் எழுந்து வந்துவிடுங்கள். கொழும்பு 250 கிலோமீற்றருக்கும் அப்பால். (தேனீயோ குளவியோ கொட்டிக் கடும் ஒவ்வாமை வந்தவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அந்த நஞ்சிலும் இதே வகைப் பொருள் உண்டு.)

கல்சியம் கலந்த ஃபில்லரை இந்த மருந்து கரைக்காது. மூக்கில் அதைப் போடச் சம்மதிக்காதீர்கள்.

கடைசியாக, போட்டவர் அடுத்த மூன்று நாளும் எங்கே இருப்பார்? மாலையில் போட்டுவிட்டு இரவு பஸ்ஸில் கொழும்புக்குத் திரும்புபவரிடம் போட வேண்டாம். நாடி அடைப்பின் அறிகுறிகள் பல மணி நேரம் கழித்தும் வரும். காலையில் போட்டு, அன்று மாலையும் மறுநாளும் அவரே பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

தங்கைக்கு ஊசி போட்டு மூன்று மாதம். மறுநாள் மூக்கு நீலம் பாரித்தது, கன்றல்தான் என்றார்கள். பிறகு பரு மாதிரி வந்தது, பிறகு கறுத்துப் பொருக்கு விட்டது. இப்போது நுனியில் பள்ளமாகத் தழும்பு. தவிர்த்திருக்கலாமா? இனி என்ன செய்யலாம்?
— மூதூர் வாசகி

தங்கைக்கு வந்தது கன்றல் இல்லை, தோலுக்குப் போகும் நாடியின் அடைப்பு. ஒரு நாளுக்குள் கரைத்திருந்தால் பெரும்பாலும் தப்பியிருக்கும். இரண்டு மூன்று நாள் கழிந்தாலும் கரைத்துப் பார்ப்பதில் பலன் உண்டு. கன்றல் என்று சொல்லி அனுப்பியதுதான் தவறு.

இரண்டையும் பிரித்தறிவது கஷ்டமில்லை. கன்றல் ஊசி குத்திய இடத்தைச் சுற்றி ஒரே சீரான ஊதா, நாளுக்கு நாள் மஞ்சளாகி மறையும், வலி குறைந்துகொண்டே வரும். அடைப்பில் முதலில் தோல் வெளிறும். பிறகு மீன்வலையின் கண்போல ஊதாக் கோடுகள் ஓடும். குத்திய இடத்தோடு நிற்காமல் நுனி, சிறகு, மேலுதடு, புருவ நடு என்று பரவும். வலி கூடிக்கொண்டே போகும். ஆனால் பல ஜெல்களில் மரக்கப்பண்ணும் மருந்து கலந்திருப்பதால் முதல் சில மணி நேரம் வலி தெரியாமலும் இருக்கும். இரண்டாம் மூன்றாம் நாள் சின்னச் சின்ன வெள்ளைக் கொப்புளம் வரும், பருவென்று கிள்ளிவிடுவார்கள். அதன் பிறகு கறுக்கும்.

நம் நிறத்துத் தோலில் வெளிறலும் வலைக்கோடும் மின்விளக்கில் பிடிபடாது. யன்னலோரப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். விரலால் நுனியை ஐந்து வினாடி அழுத்தி விடுங்கள். நிறம் இரண்டு வினாடிக்குள் திரும்ப வேண்டும். அதே சோதனையைக் கன்னத்திலும் செய்து ஒப்பிடுங்கள். மூக்கு கன்னத்தைவிடக் குளிர்ந்திருந்தால் அதுவும் அறிகுறி. சந்தேகம் வந்தால் ஐஸ் வைக்காதீர்கள், அது நாடியை இன்னும் சுருக்கும். இளஞ்சூட்டு ஒத்தடம் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே ஹயலூரோனிடேஸும், வேறு தடை இல்லாவிட்டால் அஸ்பிரினும் கொடுப்பார்கள். அஸ்பிரினை நீங்களாகக் குடிக்க வேண்டாம், காய்ச்சல் இருந்தால் டெங்குவாகவும் இருக்கலாம்.

தங்கையின் தழும்புக்கு அவசரப்பட வேண்டாம். அது முதிர ஆறு மாதம் முதல் ஒரு வருடம் எடுக்கும். அதுவரை சன்ஸ்கிரீனும் தொப்பியும் கட்டாயம், எங்கள் வெயிலில் புதுத் தழும்பு நிரந்தரமாகக் கறுத்துவிடும். சிலிக்கோன் ஜெல் தடவலாம். தேசிக்காய், மஞ்சள் ஒன்றும் வேண்டாம். பள்ளத்தை நிரப்ப இன்னொரு ஃபில்லர் போடலாம் என்று யாராவது சொன்னால் கட்டாயம் மறுக்க வேண்டும். அந்த இடத்து இரத்த ஓட்டம் ஏற்கெனவே அடிபட்டது. பிளாஸ்ரிக் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவரிடம் இப்போதே காட்டி வையுங்கள், மருத்துவம் பிறகு தொடங்கலாம்.

நான் புறாமலைக்குச் சுற்றுலாக்காரரைக் கூட்டிப்போய் நீருக்கடியில் காட்டுபவன். ஊசி போட்டு எத்தனை நாளில் முகமூடி போடலாம்?
— உப்புவெளி வாசகர்

நான்கு வாரம் பொறுங்கள். நீர்முகமூடி மூக்குத்தண்டையும் நெற்றியையும் சேர்த்து இறுக்கும், ஆழத்தில் உறிஞ்சவும் செய்யும். இன்னும் படியாத ஜெல் பக்கத்துக்கு ஒதுங்கிவிடும். மூக்குக்கண்ணாடி இரண்டு வாரம் வேண்டாம், இல்லாமல் முடியாது என்றால் பாரம் குறைந்ததைப் போட்டு நெற்றியில் ரேப்பால் தாங்கிக்கொள்ளுங்கள். முழுமுக ஹெல்மெட்டைக் கழற்றும்போது மூக்கில் உரசாமல் பக்கங்களை விரித்துக் கழற்றுங்கள். முகத்திரையின் பட்டி மூக்குத்தண்டில் இறுகாமல் பார்க்க வேண்டும். தொழுகையை நிறுத்தத் தேவையில்லை, மெத்தென்ற விரிப்பில் பாரத்தை நெற்றியில் வைத்து மூக்கை மெதுவாகப் படவிடலாம். குப்புறப் படுக்காதீர்கள். கன்னியா வெந்நீர்க் கிணற்றுக் குளியலை இரண்டு வாரம் தள்ளிப்போடுங்கள். சூடு வீக்கத்தைக் கூட்டும், ஊசித்துளை ஆறுமுன் பொதுநீர் படுவதும் நல்லதல்ல. வலிக்குப் பனடோல் போதும். பனடோலுக்கு அடங்காத வலி என்றால் மூதூர் வாசகிக்குச் சொன்னதைத் திரும்பப் படியுங்கள்.

அடிக்கடி போடாமல் ஒரேயடியாக நிற்கும் ஃபில்லர் இல்லையா?
— தம்பலகாமம் வாசகர்

இருக்கிறது, மூக்கில் போடக் கூடாது. கரையாத பொருள் தவறினால் வெட்டித்தான் எடுக்க வேண்டும், திரவ சிலிக்கோன் திசுவோடு கலந்துவிட்டால் முழுதாக எடுக்கவே முடியாது. நூறு வருடத்துக்கு முன் ஐரோப்பாவில் மூக்கில் பரஃபின் மெழுகு ஏற்றினார்கள். மெழுகு நகர்ந்து, கட்டியாகி, முகங்களைக் கெடுத்தது. ஜெல் தானாகக் கரைவதைக் குறை என்று நினைக்காதீர்கள், அதுதான் அதன் பாதுகாப்பு.

மூன்று வருடத்தில் நாலு முறை போட்டேன். இப்போது மூக்கு முன்பைவிட அகலமாகத் தெரிகிறது. இனி ஒபரேஷனே செய்துவிடலாமா?
— சாம்பல்தீவு வாசகி

கரைந்துவிட்டது என்று நினைத்த ஜெல் முழுதாகக் கரைந்திருக்காது. மிச்சம் பக்கவாட்டில் பரவி, அதன் மேல் புதியது ஏறி, மூக்குத்தண்டு தடித்திருக்கிறது. முதலில் ஹயலூரோனிடேஸால் கரைப்பியுங்கள், ஒரே தடவையில் முடியாமலும் போகலாம். நாலு முறையும் போட்ட பொருளின் பெயரைத் தேடி எடுங்கள். ஒன்றாவது கரையாத வகை என்றால் அறுவை நிபுணருக்கு அது முன்பே தெரிய வேண்டும். கரைத்து வீக்கம் வடிந்தபின் தெரிவதுதான் உங்கள் உண்மையான மூக்கு. அதைப் பார்த்துத்தான் அவர் அளவெடுப்பார். அறுவைக்குப் பின் நுனி வீக்கம் முழுதாக வடிய ஒரு வருடம் வரை எடுக்கும். அந்த ஒரு வருடத்துக்குள் 'கொஞ்சம் சரிசெய்ய' என்று யாரிடமும் ஃபில்லர் போட்டுவிடாதீர்கள்.